வலது முழங்கால் குறிப்புகள்

ஏப்ரல் 2, 2025

விடியற்காலையிலேயே முழங்காலுக்குள் ஒரு குறுகுறுப்பு, கொஞ்சம் சூடு. வெளியே வீக்கம் தெரியுமுன்பே உள்ளே ரத்தம் கசியத் தொடங்கியதை, ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோபிலியா உள்ளவர்களால் உணர முடியும், உணர்ந்த பிறகு காத்திருக்கவும் கூடாது. எனக்கு ஏ வகை, அதாவது ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 8 என்ற புரதம் குறைவு, அதனால் அந்த ஃபேக்டர் ஊசி போட்டுக்கொண்டு, ஐஸ் வைத்து, காலைத் தலையணை மேல் தூக்கிப் படுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா பாவம், அன்பாக ஐபுப்ரோஃபென் கொண்டுவந்தார். அது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையைக் கெடுத்துவிடும். எங்களுக்குப் பாராசிட்டமால்தான்.

ஏப்ரல் 6

வீக்கம் வடிகிறது, வலியும் இல்லை. சரியாகிவிட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெளியே சரிதான், உள்ளே அப்படியில்லை. மூட்டுக்குள் நின்ற ரத்தத்திலிருக்கும் இரும்பு உள்சவ்வில் படிந்து, சவ்வு தடித்து, அதில் மெல்லிய ரத்தக்குழாய்கள் புதிதாக முளைத்து, அவை லேசாக அசைந்தாலே உடைந்து மறுபடி ரத்தம், இப்படியே போய்க் குருத்தெலும்பு அரிக்கப்படுகிறது. ஆறு மாதத்துக்குள் ஒரே மூட்டில் 3 முறையாவது தானாகக் கசிந்தால் அதை ‘டார்கெட் ஜாயிண்ட்’ என்பார்கள். என் வலது முழங்கால் பள்ளிக்கூட வயதிலேயே அப்படி ஆகிவிட்டது. கசிந்த பிறகுதான் அப்போது ஊசி, அதுவும் கிடைத்தால். இன்றைக்கும் அந்தக் காலை முழுசாக நீட்ட வராது.

ஏப்ரல் 10

பிசியோ ஆரம்பம். முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தித் தொடையை இறுக்கிப் பிடித்து விட வேண்டும், அவ்வளவுதான். “அசைக்காதடா, திரும்ப வந்துடும்” என்று அம்மாவுக்குப் பயம். ரத்தம் நிற்கும்வரை ஓய்வு சரிதான், அப்புறமும் படுத்தே கிடந்தால் தொடைத் தசை வற்றி முட்டிக்குத் தாங்கல் இல்லாமல் போகும்.

ஏப்ரல் 17

உலக ஹீமோபிலியா தினம். 1963-ல் உலக ஹீமோபிலியா கூட்டமைப்பைத் தொடங்கிய ஃபிராங்க் ஷ்னாபெலின் பிறந்த நாள் இது. கூட்டத்தில் ஒரு குட்டிப் பையன், கசிவு வராமல் தடுக்கும் எமிசிசுமாப் மருந்து போட்டுக்கொள்கிறவன், நரம்பைத் தேடிக் குத்த வேண்டியதில்லை, தோலுக்கு அடியில் போடுவதுதான், நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டே இருந்தான். முட்டி, கணுக்கால், முழங்கை எதிலும் வீக்கமில்லை என்று அவன் அம்மா சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கசியுமுன் ஃபேக்டர் கொடுக்கும் முறையை ஸ்வீடனில் 1958-லேயே தொடங்கிவிட்டார்கள். முதல் மூட்டு கெடுவதற்குள் இப்படி முன்கூட்டியே தடுக்கும் சிகிச்சை எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரவர் மாவட்ட மருத்துவமனையிலேயே கிடைக்க வேண்டும், அதைத்தான் மேடையில் மைக் கிடைத்ததும் கேட்டேன்.