எங்கள் கடலில் கோடு போடுமுன்

"கடலில் ஒரு பகுதியைக் கோடு போட்டுப் பாதுகாக்கப் போறோம்" என்று யாராவது சொன்னால், எங்கள் கரையில் வரும் முதல் கேள்வி, "அப்போ நாங்க எங்க போவோம்?" இதை வைத்து மீனவனுக்குக் கடல்மேல் அக்கறை இல்லை என்று எழுதுகிறார்கள். படித்தால் வயிறு எரிகிறது.

குமரி மாவட்டத்தில் முட்டம் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. அப்பா கட்டுமரத்தில் தூண்டில் போட்டவர். ஜிபிஎஸ் எல்லாம் அவர் காலத்தில் ஏது? முட்டம் கலங்கரை விளக்கத்தையும் பின்னால் தெரியும் மலைமுகட்டையும் ஒரே கோட்டில் நேர்பிடிப்பார். இன்னொரு பக்கம் கோயில் கோபுரத்தையும் ஒரு பனங்கூட்டத்தையும். இரண்டு நேரும் சேரும் இடத்தில் கயிறு இறக்கினால் அடியில் பார், அதாவது மீன் ஒதுங்கும் கடலடிப் பாறை, தட்டும். அங்கே தூண்டில் மட்டும்தான், வலை விடவே மாட்டார். "பார் செத்தா கலவாய் மீனுக்கு ஒதுங்க எடம் ஏது மக்ளே?" என்பார். அந்த இடத்தை அண்ணனுக்கு மட்டும்தான் காட்டிக் கொடுத்தார்.

அப்படிப்பட்ட பார்கள்மேல் விசைப்படகுகளின் இழுவைமடி வலை போகும்போது யாரும் பாதுகாப்பு பேச வரவில்லை. கரையோரக் கடல் சின்னத் தொழிலுக்கு என்று 1983ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமே சொல்கிறது. அதை ஒழுங்காக நடத்தினாலே பாதிக் கடல் தேறும். கட்டுப்பாடு எங்களுக்குப் புதுசும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை என்பது ஊர்க்கட்டு. விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல், குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல். முணுமுணுப்பு உண்டு, ஆனாலும் படகுகள் கரையில்தான் கிடக்கும்.

பயம் சும்மா வரவில்லை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா ஆனபிறகு, அங்கே கடல்பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் சொந்தக் கடலிலேயே குற்றவாளிபோல ஒளிந்து போக வேண்டியதாயிற்று. 2001இல் எல்லாச் சுறாக்களையும் ஒரேயடியாகத் தடைப்பட்டியலில் சேர்த்தார்கள். சுறாத் தூண்டிலையே நம்பியிருக்கிற எங்கள் மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? எதிர்ப்பு கிளம்பி, சில மாதங்களில் சில இனங்கள் மட்டும் என்று குறைத்தார்கள். முதலிலேயே கேட்டிருந்தால் எது அருகிப்போகிறது என்று அவர்களே சொல்லியிருப்பார்கள்.

இப்போது குமரிக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் பக்கம் எண்ணெய், எரிவாயு தேட ஏலம் விட்டிருக்கிறார்கள். 1976 ஒப்பந்தத்தில் இலங்கையோடு பேசி நமக்கு உறுதிப்படுத்திய, மீன் செழித்த மேடு அது. அங்கே துளை போடலாம், வள்ளம் மட்டும் பாரைக் கெடுக்கும் என்றால் எங்கள் ஆட்கள் எப்படி நம்புவார்கள்?

எனக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதி வேண்டும். அண்ணனுக்கும் வேண்டும், எந்தப் பாரை விட்டுவைக்கலாம் என்று அவனால் சொல்ல முடியும். ஆனால் கூட்டத்தைக் கலெக்டர் ஆபீசில் புதன்கிழமை பதினோரு மணிக்கு வைக்காதீர்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்துக்கு வாருங்கள், அன்றைக்குத்தான் எல்லாரும் கரையில் இருப்பார்கள். வரைபடத்தைத் தமிழில் கொண்டு வாருங்கள். மீன் விற்கும் பெண்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள். அப்புறம் கோடு போடுங்கள்.