வெள்ளம் வடிந்தபின் வாடகைக் கணக்கு

2018 டிசம்பர் 21 இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சி மாவட்டத்து இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டன. கரைச்சி, கண்டாவளைப் பக்கங்களில் ஊருக்குள் வெள்ளம் ஏறியது. அப்போது நான் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்துகொண்டிருந்தேன். தண்ணீர் வடிந்ததும் கிராம அலுவலரோடு வீடு வீடாகப் போய்ச் சேத விபரம் எடுத்தோம். சொந்த வீடென்றால் வேலை சுலபம். வாடகை வீட்டுப் படலையைத் திறந்தால் அரை நாள் போய்விடும்.

கிளிநொச்சியில் பல வாடகை வீடுகளின் சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். வாடகை வாங்குவது ஊரிலிருக்கும் சித்தப்பாவோ மாமாவோதான். அவர்களுக்குக் காசை எண்ணி வாங்க அதிகாரம் உண்டு, ஊறிப்போன கதவை மாற்ற இல்லை. "பிள்ளையிட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்பார்கள். பிள்ளைக்கு அங்கே நடுச்சாமமாக இருக்கும்.

ஒரு வீட்டில் தாதியாக வேலை செய்யும் அக்கா இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தார். மெத்தை, பிரிட்ஜ், பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. அதற்கு அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "என்ரை சாமான், என்ரை நட்டம். கிணறு ஆற்றை, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

கிணறு யாருடைய பொறுப்பு என்ற அந்தக் கேள்வியில்தான் முழுச் சண்டையும் இருந்தது. மலசலகூடக் குழி நிரம்பி, அந்தத் தண்ணீரே கிணற்றுக்குள் போயிருந்தது. பம்ப் வைத்து இறைக்க வேண்டும், அடியில் படிந்த சேற்றை ஆள் இறங்கி அள்ள வேண்டும், பிறகு குளோரின் போட வேண்டும். அதுவரை குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் தண்ணீர் இல்லை. வாடகை வாங்கும் சித்தப்பாவோ, "நாங்களே வெள்ளத்தை விட்டனாங்கள்?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் வெள்ளத்தை யாரும் விடவில்லை என்பதற்காக வீட்டுக்காரரின் பொறுப்பு போய்விடாது.

இலங்கையில் இந்த விடயத்துக்கு அடிப்படை, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் உரோம டச்சுச் சட்டம். வாடகைக்கு விட்ட வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. சுவர், கூரை, வயரிங், கிணறு எல்லாம் அவர் பக்கம். குடியிருப்பவர் தன் கவனக்குறைவால் கெடுத்ததற்குத்தான் பொறுப்பு. பெருவெள்ளம் மாதிரி யார் கையிலும் இல்லாத காரணத்தால் வீட்டில் இருக்க முடியாமல் போனால், அந்த நாட்களுக்கு வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவும் இடமுண்டு. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாட்களுக்கும் முழு வாடகை கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கேட்கலாம் என்றே அவர்களுக்குத் தெரியாது.

எழுத்தில் ஒன்றும் இல்லாததுதான் பெரிய சிக்கல். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். எங்கள் ஊரில் அட்வான்ஸ் கைமாறும், சாவி கைமாறும், அவ்வளவுதான். நொத்தாரிசுச் செலவுக்குப் பயந்து எழுதாமல் விட்டவர்கள் பிறகு பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபை வாசலில் நிற்பார்கள்.

துப்புரவுக்குக் கிடைக்கும் உதவி யாருக்கு என்பதிலும் இழுபறி வரும். சேற்றை அள்ளியவருக்கே அது போகவேண்டும் என்பது என் எண்ணம். இடிந்த சுவருக்கான இழப்பீடு உரிமையாளருக்கு, சரி. வெளிநாட்டில் இருப்பவருக்குத் தும்புத்தடி வாங்கக் காசு எதற்கு?

தண்ணீர் வரும் வீடென்று தெரிந்தும் சொல்லாமல் வாடகைக்கு விடுகிறவர்கள் மேல்தான் எனக்கு உண்மையான கோபம். வீதியை உயர்த்திப் போட்டபின் பள்ளமாகிப்போன வளவுகள் பல இருக்கின்றன. பக்கத்து வளவுக்காரர் மண்ணடித்து உயர்த்தினால் தண்ணீர் ஓட வழியே இல்லை. உரிமையாளருக்கு இது தெரியும், புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியருக்கோ வங்கி ஊழியருக்கோ தெரியாது. இப்போது யாராவது வீடு பார்க்கக் கூப்பிட்டால், வீட்டுக்காரரிடம் கேட்பதை விட்டுப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்கச் சொல்கிறேன்.

அந்தத் தாதி அக்காவின் கிணறு கடைசியில் இறைக்கப்பட்டது. கிணற்றையும் பிள்ளைகளையும் வட்ஸ்அப் வீடியோவில் பார்த்த பிறகு கனடாப் பிள்ளை காசு அனுப்பினார். வாடகைக் குறைப்பைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. அக்காவும் அடுத்த மாரிக்கு முன்னர் வேறு வீடு பார்த்துக்கொண்டார்.