லயத்துக் களப்பயிற்சி நாட்குறிப்பு

ஜூன் 2, 2025, திங்கள்

சமூகப்பணி இளமாணிப் படிப்பில் களப்பயிற்சிதான் முதுகெலும்பு. இலங்கையில் இதற்கான முறையான பயிற்சி 1952இலேயே தொடங்கிவிட்டாலும், பட்டப்படிப்பாக வந்தது 2005இல்தான். இந்த முறை மாணவர்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். அமெரிக்காவின் சமூகப்பணி அறிஞர் பயிஸ்டெக் 1957இல் வகுத்த ஏழு கோட்பாடுகளை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏழாவது, இரகசியம் காத்தல். கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை இருந்தால் அது எளிது. லயம் என்பது தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடு; பழைய லயத்தில் ஒரு காம்பரா, அதாவது அறை, 10க்கு 12 அடி. நடுச்சுவர் பல இடங்களில் கூரைத் தகரத்தைத் தொடுவதே இல்லை. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் கொண்டுவருவார்கள். ஆகவே யாரிடம் என்ன கேட்பது என்பதற்கு முன், எங்கே வைத்துக் கேட்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

அனுமதிக் கடிதம் தோட்ட முகாமையாளருக்கு ஒன்று, கிராம அலுவலருக்கு ஒன்று. பயிற்சியின் நோக்கம், காலம், மாணவர் பெயர், மேற்பார்வையாளர் பெயர் போதும். எந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போகிறோம் என்று எழுதவே கூடாது.

பெரும்பாலும் தவறுவது முதல் நாளில். தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் உதவியாக முன்னே நடந்து, வீட்டைக் காட்டிவிட்டுப் போவார். அதோடு அந்த மாணவி "ஆபீஸ் ஆள்". பிறகு எந்தக் கேள்விக்கும் "ஒன்னும் இல்லம்மா" என்ற பதில்தான் வரும். முதல் இரண்டு கிழமை பிள்ளைக் காம்பரா (குழந்தைக் காப்பகம்), வாசிகசாலை, கோயில் முற்றம் என்று எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். எல்லா வீட்டுக்கும் போகிறவள் என்று ஆன பிறகு, ஒரு வீட்டுக்கு அடிக்கடி போனாலும் அந்த வீட்டின் மேல் பெயர் விழாது.

ஜூன் 10, செவ்வாய்

சம்பள நாளும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) ஒன்றாக வந்திருக்கிறது. இன்று வீட்டுச் சந்திப்பு வேண்டாம். கடன்காரர், கடைக் கணக்கு, போத்தல் எல்லாம் இன்றுதான். அடுத்த ஞாயிறும் சரிவராது, பாதிப்பேர் டவுனுக்குப் போய்விடுவார்கள்.

வேலை நாளில் மலையில் வைத்துப் பேசக் கூடாது. கொழுந்து எடுக்கும் அக்காவை அரை மணித்தியாலம் நிறுத்தினால் அந்திக்கு நிறை குறையும், அரைப் பேர்தான் (அரைநாள் கணக்கு) விழும். நம் பயிற்சிக்கு அவருடைய அரைநாள் கூலி விலையாகிவிடக் கூடாது. ஐந்து மணிக்குப் போனால் பிள்ளையைக் கூட்டிவந்து அடுப்பு மூட்டும் நேரம். அந்த நேரத்தில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பேசலாம், ஆனால் மாமியாரும் அங்கேதான் இருப்பார். தனியாகப் பேச வேண்டியதென்றால் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் வழிநடை நல்லது. இஸ்தோப்பு (முன் திண்ணை) வேண்டாம், லயமே பார்க்கும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையும் வேண்டாம், தண்ணீர்ச் சத்தம் மறைக்கும் என்று தோன்றும், ஆனால் குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள் வாயசைவிலேயே விஷயத்தைப் பிடித்துவிடுவார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

இரகசியம் பற்றி முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டியது: "அக்கா, நீங்க சொல்றத வெளிய சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பிள்ளைக்கு ஆபத்துன்னாலோ, உங்க உசுருக்கு ஆபத்துன்னாலோ, உங்ககிட்ட சொல்லிட்டு உரியவங்ககிட்ட பேசுவேன்." இதைச் சொல்லாமல் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழைக்க வேண்டி வந்தால், அந்த வீட்டுக் கதவு அதன்பின் திறக்காது.

ஜூன் 24, செவ்வாய்

குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், வயது உள்ளே, இறந்தவருக்குக் குறுக்குக்கோடு, மையமான ஆளுக்கு இரட்டைக் கோடு. இதுவரை புத்தகத்தில் உண்டு. ஒரே வீட்டில் இருப்பவர்களைச் சுற்றிப் புள்ளிக்கோடு போடும் இடத்தில்தான் லயம் மாணவரைக் குழப்பும். ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம், இஸ்தோப்பை அடைத்து மூத்த மகன் குடும்பம். அங்கே "எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்காமல் "எத்தனை உலை வைக்கிறீங்க?" என்று கேட்க வேண்டும். உலைக்கு ஒரு புள்ளிக்கோடு.

தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மாயியிடம் என்றால் தாயின் வட்டம் கோட்டுக்கு வெளியே, பணம் வரும் திசைக்கு அம்புக்குறி. மாமன் மகளைக் கட்டியிருந்தால் கணவன் மனைவிக்கிடையே இரட்டைக் கோடு. கொழும்புக் கடையில் நிற்கும் பையனின் வயதைக் கட்டாயம் கேட்க வேண்டும். 16க்குக் குறைவென்றால் அது வரைபடத்தோடு முடிகிற விஷயமில்லை. சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் வரை போக வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

உரையாடல் பதிவு. பேசும்போது எழுதக் கூடாது. லயத்தை விட்டு இறங்கியதும் ஐந்தாறு சொற்களைத் துண்டில் குறித்து, அன்றிரவே விரிக்க வேண்டும். பக்கத்தை மூன்று நிரலாகப் பிரிக்க வேண்டும்: பேசியது, அப்போது நம் மனதில் ஓடியது, மேற்பார்வையாளர் குறிப்பு. அரை மணிநேரப் பேச்சை எழுத இரண்டு மணிநேரமாவது பிடிக்கும்.

ஒரு பெண் சொன்னது: "அவரு சம்பளத்தன்னைக்குக் கொஞ்சம் போடுவாரு." பதிவில் வருவது: "கணவர் மதுவுக்கு அடிமையானவர்." மாதத்தில் ஒரு நாள் என்ற செய்தியும், கணவனைக் காத்து அவர் சொன்ன அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லும் இரண்டுமே போய்விட்டன. அவர் சொன்னபடியே, பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள்.

கொப்பியில் பெயருக்குப் பதில் முதலெழுத்து போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். "5ஆம் லயம், தொங்கக் காம்பரா" (கடைசி அறை) என்று பக்கத்திலேயே எழுதினால் அதுவே பெயர்தான். எண் கொடுங்கள். எண்ணுக்குரிய பட்டியல் மேற்பார்வையாளரின் அலுமாரியில் இருக்கட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

அடிதடி உள்ள வீடு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள், முழுக் கட்டளை 12 மாதம் வரை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இலக்கத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். இடுப்பில் செருகிய சீட்டு கணவன் கையில் அகப்பட்டால் அன்றிரவே அடி. மனப்பாடம் செய்ய வையுங்கள், நாலே எண்தானே.

பொலிசில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதக் கேட்பது உரிமை; 1987இன் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைத்துவிட்டால், பின்னால் வழக்கில் அவர் சொல்லாததும் அவர் வாக்குமூலமாகிவிடும். வாசித்து விளக்கிய பிறகே கையெழுத்து. கூடப் போகும் மாணவி இதைத் தாழ்மையாக, ஆனால் விடாமல் கேட்க வேண்டும்.

போவதா வேண்டாமா என்பது அந்த அக்காவின் முடிவு. பிள்ளைக்கு அடி விழுந்தால் மட்டும் நாம் காத்திருக்கக் கூடாது.

ஜூலை 22, செவ்வாய்

முடிவுச் சந்திப்பை மூன்று கிழமைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். திடீரென்று வராமல் நின்றுவிட்டால், பேசிய குற்றத்துக்குத்தான் கைவிட்டார்கள் என்று அவர்கள் நினைப்பார்கள். வாங்கிய பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் அசலாகத் திருப்பிக் கொடுத்து, கொப்பியில் கையெழுத்து வாங்குங்கள். யாரிடம் ஒப்படைக்கிறோமோ அந்த உத்தியோகத்தரின் முகத்தை அவர் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். பிரதேச செயலகத்துக்கு அந்த முதல் தடவை மட்டும் கூடப் போங்கள், ஆனால் பேச்சை அவரே தொடங்கட்டும்.