கிளச் வயர்

நேற்று கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆட்டோவுக்கு கிளச் வயர் வாங்கப் போனேன். கையில் எடுத்ததும் ஊர் ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்கு இதே வயர்தான். ஒரு நுனியில் வளையம், மறு நுனி மரத்தில் கட்டு. இழுக்க இழுக்க இறுகும். பன்றி போகும் தடத்தில்தான் சிறுத்தையும் நடக்கும். தலையும் தோளும் நுழைந்துபோய், பல நேரம் இடுப்பில் மாட்டும். மயக்க ஊசி போட்டு அவிழ்த்தாலும் உள்ளே நசுங்கியது நசுங்கியதுதான்.

2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை மாட்டியதும் இப்படி ஒரு சுருக்கில்தான். சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்துப்போனது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மரவள்ளியைப் பன்றி கிளறிவிட்டுப் போனால் வயிறு எரியும், தெரியும். அப்பாவின் முகத்தில் பார்த்திருக்கிறேன். அதற்காக இந்தக் கம்பி வேண்டாம்.

ஊரில் இருக்கும் தம்பிமாரே, கொழுந்துக்குப் போகும் அக்காமாரே, சிறுத்தை மாட்டியிருந்தால் உடனே வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். சுற்றி நின்று வீடியோ எடுக்காதீர்கள். பயத்தில் அது இழுக்கும் ஒவ்வொரு இழுப்புக்கும் வயர் இன்னும் உள்ளே இறங்கும்.