தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும் நாய்

மூன்று கிலோ எடை உள்ள ஒரு நாய் சாப்பிட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. எங்கள் வீட்டில் இது பல வருஷமாக அவ்வப்போது நடப்பதுதான். அதனால் நிறையப் படித்திருக்கிறேன், மருத்துவரிடம் நிறையக் கேட்டிருக்கிறேன், எல்லாவற்றையும்விட அதன் தட்டுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். இதே கவலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

"பசிச்சா தானா சாப்பிடும், விடு" என்று எல்லாரும் சொல்வார்கள். வளர்ந்த, ஆரோக்கியமான, பெரிய நாய்க்கு அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சின்ன நாய்க்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது, அதற்குக் காரணமும் இருக்கிறது. 30 கிலோ நாய்க்குச் சும்மா படுத்திருப்பதற்கே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 900 கலோரி வேண்டும், 3 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 160. எடையில் பத்தில் ஒரு பங்கு, ஆனால் தேவையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். அதாவது ஒவ்வொரு கிலோவுக்கும் சின்ன உடம்பு அதிகமாக எரிக்கிறது, சேமித்து வைத்திருப்பதோ மிகக் குறைவு. வளர்ந்த சின்ன நாய் ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும், வாந்தியோ சோர்வோ சேர்ந்திருந்தால் அந்த ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

குட்டி என்றால் கணக்கே வேறு. சிவாவா, யார்க்ஷயர் டெரியர், பொமரேனியன், மால்டீஸ் மாதிரி இனங்களின் குட்டிகளுக்கு, குறிப்பாக நான்கு மாதம் நிறையாதவற்றுக்கு, சில வேளை உணவு தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம். தள்ளாடும், நடுங்கும், கூப்பிட்டால் கவனிக்காது, ஈறு வெளுத்துப் போகும், வலிப்புகூட வரும். அந்த நேரத்தில் கொஞ்சம் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு, போர்வையில் சுற்றிக்கொண்டு நேராக மருத்துவரிடம் ஓட வேண்டும். மயங்கிக் கிடக்கும்போது வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சர்க்கரை சேர்க்காத இனிப்பு வகைகளைத் தொடவே வேண்டாம், அவற்றில் சைலிட்டால் என்ற செயற்கை இனிப்பு இருந்தால் அதுவே நாயின் சர்க்கரையைப் படுவேகமாக இறக்கிவிடும்.

சரி, அவசரம் இல்லாத நிலைமை என்று வைத்துக்கொள்வோம். அப்போது நான் எல்லாரிடமும் கேட்பது ஒன்றுதான்: தட்டை வைத்ததும் அது என்ன செய்கிறது? "சாப்பிடல" என்று மட்டும் சொன்னால் அதில் மூன்று வேறு வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. சாப்பிட ஆசை இருந்தும் முடியாமல் நிற்கிற நாய் ஒன்று, வாசனையே பிடிக்காமல் விலகுகிற நாய் ஒன்று, இதைவிட நல்லது வரும் என்று காத்திருக்கிற நாய் ஒன்று. இந்த மூன்றுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் இரண்டு நாய்களுக்குக் கெடுதல்தான் நடக்கும்.

முதல் வகையைத்தான் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தட்டுச் சத்தம் கேட்டதும் எங்கள் நாய் ஓடி வரும், வாலை ஆட்டும், ஒரு உருண்டையை வாயில் எடுக்கும், அப்புறம் அதை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். திரும்ப எடுத்தால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரே ஓரத்தில் மெல்லும். குழைத்துக் கொடுத்தால் நக்கும். வாயில் ஒரு வாடை வேறு. இவ்வளவும் சேர்ந்தால் அது அடம் இல்லை, பல்வலி. சிவாவாவுக்கும் கிரேட் டேனுக்கும் பல் எண்ணிக்கை ஒன்றுதான், 42. அத்தனையும் அந்தச் சின்னத் தாடைக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன, இடுக்குகளில் அழுக்கு சேர்கிறது, ஈறு வீங்குகிறது, வேர்வரை சீழ் பிடிக்கிறது. சின்ன இனங்களில் பால் பல் விழாமல் புதுப் பல்லோடு சேர்ந்தே நிற்பதும் உண்டு. மேலே பார்த்தால் வெள்ளையாக இருக்கும் பல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். எங்கள் நாய்க்கு மேல் கடைவாய்ப் பல் ஒன்றின் வேரில் சீழ் இருந்தது, எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து வீட்டுக்கு வந்தபின் குழைத்துக் கொடுத்ததைத் தட்டு தேயும்வரை நக்கியது. அதுவரை எத்தனை வலியோடு என்னிடம் ஓடி வந்து வால் ஆட்டியிருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் மனசு பிசைகிறது.

வாய் வலி இருக்கிற நாய் பெரும்பாலும் அழாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் "வலிச்சா கத்துமே" என்று நம்பி மாதக்கணக்கில் விட்டுவிடும் வீடுகள் நிறைய.

இரண்டாவது வகை குமட்டல். தட்டைக் கண்டதும் தலையைத் திருப்பும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், வெறும் எச்சிலை விழுங்கும், வாயோரம் ஈரமாக இருக்கும், வெளியே போனால் புல்லைத் தேடும். இதற்குக் காரணம் சாதாரண வயிற்றுக் கோளாறாகவும் இருக்கலாம், சிறுநீரகம், கல்லீரல், கணையம் என்று பெரியதாகவும் இருக்கலாம், உண்ணி கடியால் வரும் காய்ச்சலாகவும் இருக்கலாம், விழுங்கிய துணியோ பொம்மைத் துண்டோ குடலில் அடைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம், ஏதோ மாத்திரையின் பக்க விளைவாகவும் இருக்கலாம். தடுப்பூசி போட்ட மறுநாள் கொஞ்சம் மந்தமாக இருப்பது சகஜம், அது சீக்கிரம் சரியாகிவிடும். ஆனால் முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்துப் பின்புறத்தை மட்டும் உயர்த்தி நெடுநேரம் நின்றால் வயிற்றில் நல்ல வலி இருக்கிறது என்று அர்த்தம். கொழுப்பான விருந்துச் சாப்பாடு கிடைத்த மறுநாள் இப்படி நின்றால் கணைய அழற்சியைத்தான் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள், மினியேச்சர் ஷ்னாவ்சர் மாதிரி இனங்களில் இது அதிகம்.

குமட்டல் இருக்கும் நாயின் வாயருகே அதற்குப் பிடித்த பொருளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். பாசத்தில்தான் செய்கிறோம், எனக்கும் கை அப்படித்தான் போகும். ஆனால் வயிற்றைப் புரட்டும்போது முகர்ந்த சாப்பாட்டை நாய் அந்த அவஸ்தையோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும், உடம்பு தேறிய பிறகும் அதைத் தொடாது. நோய்க்கென்று தனி உணவு எழுதிக் கொடுத்தால், முடிந்தால் குமட்டல் அடங்கியபின் ஆரம்பிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குமட்டலை அடக்க மாரோபிட்டண்ட் என்ற மருந்து இருக்கிறது. பசியைத் தூண்ட மிர்டாசபைன் கொடுப்பதுண்டு, நாய்களுக்கென்றே வந்த கேப்ரோமோரெலின் 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவை எல்லாம் நோயைக் கண்டுபிடிக்கும்வரை தாங்கிப் பிடிக்கத்தான், எதனால் பசி போனது என்று பார்க்காமல் பசி மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான பாராசிட்டமாலையும் இபுபுரோஃபெனையும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

சில அறிகுறிகள் வந்தால் மேலே படிக்கவே வேண்டாம், கிளம்புங்கள். தண்ணீரும் குடிக்காமல் இருப்பது, அடுத்தடுத்து வாந்தி, கறுப்பாகவோ ரத்தத்தோடோ மலம், உப்பிய வயிறு, வெளுத்த ஈறு, மூச்சுத் திணறல். தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் ரத்தப் பேதியும் என்றால் பார்வோ வைரஸாக இருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து சில வாரங்களில் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தண்ணீராகக் குடித்தால் கருப்பையில் சீழ் சேர்ந்திருக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது.

மருத்துவரிடம் போகும் முன் நாய் தட்டருகே என்ன செய்கிறது என்று கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்குக்குள் நுழைந்ததும் பயத்தில் எல்லா நாயும் ஒரே மாதிரிதான் நிற்கும், அங்கே வைத்து எதையும் காட்ட முடியாது. எங்களுக்கு அந்தச் சாய்ந்து மெல்லும் வீடியோதான் உதவியது.

மூன்றாவது வகைக்கு வருகிறேன். பரிசோதனை எல்லாம் செய்தாயிற்று, ரத்தம், பல், வயிறு எல்லாம் நன்றாக இருக்கிறது, எடை குறையவில்லை, விளையாடுகிறது, தட்டை மட்டும் முகர்ந்துவிட்டுப் போகிறது என்றால் அது சாப்பிடாத நாய் இல்லை, வேறு எங்கோ சாப்பிட்ட நாய். நாள் முழுக்க 250 கலோரி அளவுக்குத் தேவைப்படும் உடம்புக்கு ஒரு வேகவைத்த முட்டையே 70 கலோரிக்கு மேல். காலையில் ஒருவர் கொடுத்த பிஸ்கட், மத்தியானம் இன்னொருவர் கொடுத்த சீஸ் துண்டு, சாயங்காலம் பயிற்சிக்கென்று கொடுத்த ட்ரீட்ஸ், இவற்றைக் கூட்டிப் பார்த்தால் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமே இருக்காது. இந்தத் தின்பண்டம் எல்லாம் சேர்த்து அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு, இந்த நாய்க்கு அது 25 கலோரி. வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் இது நடக்கும், ஒருவர் மட்டும் கண்டிப்பாக இருந்து பயனில்லை.

அப்புறம் தட்டைச் சுற்றி நாம் நடத்தும் ஆர்ப்பாட்டம். குனிந்து கெஞ்சுவது, கையால் ஊட்டுவது, சாப்பிடாவிட்டால் உடனே வேறொன்று சமைத்து வைப்பது. நாய் நம் குரலில் இருக்கும் பதற்றத்தைக் கவனிக்கிறது. தட்டருகே ஏதோ சரியில்லை என்று சில நாய்கள் பயந்தே விலகும், சில நாய்கள் மறுத்தால் நல்லது வரும் என்று கற்றுக்கொள்ளும். தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், 15, 20 நிமிஷம் கழித்து, தொட்டிருந்தாலும் தொடாவிட்டாலும் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைக்கு அதே உணவு. இது வளர்ந்த, ஆரோக்கியம் உறுதியான நாய்க்கு மட்டும். குட்டிக்கும், வயசானதுக்கும், உடம்பு சரியில்லாததுக்கும் இந்தக் கண்டிப்பு கூடவே கூடாது.

குமட்டல் இல்லாத எந்த நாயானாலும் சாப்பாட்டை லேசாகச் சூடாக்கிக் கொடுப்பது உதவும், ஏனென்றால் நாய் முதலில் மூக்கால்தான் சாப்பிடுகிறது. நம் நாக்கில் இருக்கும் சுவை மொட்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் அதற்கு. நாயின் உடம்புச் சூட்டை ஒட்டி, கை பொறுக்கும் அளவுக்கு இருந்தால் போதும். மைக்ரோவேவில் வைத்தால் நன்றாகக் கிளறி விரலால் தொட்டுப் பாருங்கள், அங்கங்கே கொதித்துக்கொண்டிருக்கும். உலர் உணவில் வெந்நீர் விட்டு ஊறவைக்கலாம், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காத கோழி வேகவைத்த தண்ணீரும் நல்லது. சப்பை முகமுள்ள நாய்களுக்குக் குழிவான கிண்ணத்தைவிடத் தட்டையான தட்டு வசதி. வழுக்கும் தரையில் நிற்கப் பயப்படும் நாய்க்கு ஒரு சின்ன விரிப்பு போட்டாலே வித்தியாசம் தெரியும். உணவை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு பழையதில் புதியதைக் கலந்து மாற்றுங்கள்.

சிரிஞ்சில் வைத்து வாயில் தள்ளும் வேலையை மருத்துவர் கற்றுக்கொடுத்து, செய்யச் சொன்னால் மட்டும் செய்யுங்கள். நாய் முழிப்போடு இருக்க வேண்டும், கன்னத்து ஓரமாகத் துளித்துளியாக விட்டு அது விழுங்கும்வரை நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

நான் இன்றுவரை விடாமல் செய்யும் வேலை எடை பார்ப்பது. மாவு நிறுக்கிற சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து, அதில் நாயை உட்கார வைத்தால் போதும். மூன்று கிலோ நாய்க்கு 300 கிராம் என்பது உடம்பில் பத்தில் ஒரு பங்கு, முடி அடர்ந்த இனத்தில் கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்கிறேன், பக்கத்திலேயே அந்த வாரம் எதைத் தின்றது, எதை விட்டது என்று ஒரு வரி. அடுத்த முறை தட்டை விட்டு விலகினால் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டுதான் மருத்துவரிடம் போவேன்.