இரண்டாம் குரோமோசோமிலிருந்து தொடங்குங்கள்

மனிதப் பரிணாமத்துக்கான மரபணுச் சான்றுகளைப் படிக்க ஆசைப்பட்டு, தடிமனான புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். டிஎன்ஏவின் அமைப்பு, புரதம் உருவாகும் விதம் என்று போய், மனிதன் வருவதற்குள் ஓய்ந்துவிட்டேன். இரண்டு முறை இப்படித்தான் நின்றது. மூன்றாம் முறை ஒரே ஒரு சான்றை எடுத்துக்கொண்டு அதன் அடிவரை போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

நான் எடுத்தது இரண்டாம் குரோமோசோம். (செல்லுக்குள் டிஎன்ஏ சுருண்டு கிடக்கும் இழைதான் குரோமோசோம்.) நமக்கு 46 குரோமோசோம்கள். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 48. (மனிதனுக்கும் 48 என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1956-இல் ட்ஜியோ, லெவான் என்ற இரண்டு ஆய்வாளர்கள்தான் சரியாக எண்ணிச் சொன்னார்கள்.) எல்லோருக்கும் மூதாதை ஒன்று என்றால், அந்த ஒரு ஜோடி எங்கே போனது? அத்தனை மரபணுக்களை மொத்தமாக இழந்துவிட்டு ஓர் உயிரினம் பிழைக்காது. ஆக, இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தழும்பு இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். குரோமோசோமின் நுனிக்கு டெலோமியர் என்று பெயர். டிஎன்ஏவுக்கு டி, ஏ, ஜி, சி என்று நான்கே எழுத்துகள்; டெலோமியரில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். அதை நாலைந்து முறை எழுதுங்கள். டிஎன்ஏ இரட்டை இழை; எதிரிழையில் டிக்கு ஏ, ஏக்கு டி, ஜிக்கு சி, திசையும் தலைகீழ். அப்படித் திருப்பி எழுதினால் சிசிசிடிஏஏ கிடைக்கும். இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி முட்டி ஒட்டினால், இடப்பக்கம் முதல் தொடரும் அதை அடுத்து இரண்டாவது தொடரும் வந்தாக வேண்டும். 1991-இல் நம் இரண்டாம் குரோமோசோமின் உட்பகுதியில் கண்டுபிடித்தது இதையேதான். போதாததற்கு, வேலை செய்யும் சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது குரோமோசோமைப் பற்றி இழுக்கும் இடம், வழக்கமாகக் குரோமோசோமுக்கு ஒன்று) ஒன்று இருக்க, செயலிழந்த இன்னொன்றின் மிச்சமும் அதே குரோமோசோமில் கிடக்கிறது. தாளில் நானே எழுதிப் பார்த்த பிறகு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

அப்புறம் ஒரு மறுப்பைப் படித்துத் தடுமாறினேன். ஒட்டிய இடத்தில் அந்தத் தொடர் சுத்தமாக இல்லை, எழுத்துகள் பல இடங்களில் மாறியிருக்கின்றன என்பது அந்த வாதம். உண்மைதான். ஆனால் நுனியாக இருக்கும்வரைதான் டெலோமியரைப் பராமரிக்க வேண்டிய அவசியம்; உள்ளே மாட்டிக்கொண்ட பிறகு பிழைகள் சேரத்தான் செய்யும். இன்னொன்றும் அப்போது உறைத்தது: ஒட்டிய தழும்பு மட்டுமே நம் உறவை நிரூபிக்காது. தழும்பின் இரு பக்கமும் உள்ள மரபணு வரிசை, சிம்பன்சியின் இரண்டு தனித்தனிக் குரோமோசோம்களோடு பொருந்துகிறது பாருங்கள், பலம் அங்கேதான். மறுப்புகளைத் தவிர்க்காமல் படியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்து வைட்டமின் சி. அதை உடலிலேயே தயாரிக்கப் பெரும்பாலான பாலூட்டிகளுக்கு உதவும் குலோ என்ற மரபணு நமக்குள் உடைந்து கிடக்கிறது. சிம்பன்சிக்கும் மற்ற வாலில்லாக் குரங்குகளுக்கும் அப்படியே. பழைய சுவடிகளை ஒப்பிடுகிறவர்கள், இரண்டு பிரதிகளில் ஒரே எழுத்துப்பிழை இருந்தால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று கணிப்பார்கள். இங்கேயும் அதே தர்க்கம். கினிப்பன்றிக்கும் இந்த மரபணு வேலை செய்யாது. ஆனால் அங்கே சிதைந்திருக்கும் விதம் வேறு. தனியாக நேர்ந்த பிழை தனியாகத் தெரிகிறது.

சதவீதங்களில் மட்டும் எச்சரிக்கை. சிம்பன்சியின் மரபணுத்தொகுதி, அதாவது அதன் டிஎன்ஏ முழுவதும், 2005-இல் வெளியானபோது, மனிதனுடையதோடு நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடிந்த பகுதிகளில் ஒற்றை எழுத்து வேறுபாடு சுமார் 1.23 சதவீதம் என்று வந்தது. சேர்ந்தும் விடுபட்டும் போன துண்டுகளை எண்ணினால் வேறுபாடு இன்னும் கூடும். ஒரு புத்தகத்தில் ஓர் எண், இன்னொன்றில் வேறு எண் என்று குழம்பாதீர்கள். எதை எண்ணினார்கள் என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது ரெட்ரோவைரஸ்கள், தாம் தொற்றும் செல்லின் டிஎன்ஏவிலேயே தம்மைச் செருகிக்கொள்ளும் வைரஸ்கள். பழைய ரெட்ரோவைரஸ்கள் விட்டுப்போன துண்டுகள் நம் மரபணுத்தொகுதியில் சுமார் 8 சதவீதம். அவற்றில் மிகப் பல, சிம்பன்சியிலும் அதே இடத்தில் செருகியிருக்கின்றன. முதல் இரண்டு சான்றுகளையும் தாளில் போட்டுப் பார்த்தவருக்கு இந்த அத்தியாயம் ஒரே மூச்சில் ஓடிவிடும். அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால்கள் பற்றிய பகுதியைக் கடைசிக்கு வையுங்கள். 2010-இல் அவர்களின் மரபணுத்தொகுதி வெளியான கதை சுவையானது, நான் அதைத்தான் முதலில் புரட்டினேன். ஆனால் இரண்டு வரிசைகளை எப்படி ஒப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் படித்ததால், குரோமோசோம் பாடம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.