மெண்டல்சன் கேள்விக்குத் தயாராவது: மதிப்பெண் எங்கே போகிறது?

மேற்கத்திய இசை வரலாற்றுத் தாளுக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சனைப் (1809–1847) படிக்கிறவர்கள், அவருடைய சிம்பொனிகளை எண் வரிசையில் மனப்பாடம் செய்யாதீர்கள். அந்த எண்கள் அச்சான வரிசையைக் காட்டுபவை. எழுதி முடித்த வரிசை 1, 5, 4, 2, 3. முதலாவது 1824இல் எழுதியது. ஐந்தாவதான 'சீர்திருத்த' சிம்பொனி 1830, நான்காவதான 'இத்தாலிய' சிம்பொனி 1833, இரண்டாவது 1840, 'ஸ்காட்டிஷ்' எனப்படும் மூன்றாவது 1842. நான்கும் ஐந்தும் அவர் இறந்த பிறகே அச்சேறின. படைப்புகளுக்கு இடப்படும் வரிசை எண்ணான ஓபஸ் எண்ணிலும் இதே குழி உண்டு: 72க்கு மேற்பட்டவை எல்லாம் மறைவுக்குப் பின் இட்டவை. ஓபஸ் 90 என்று பார்த்ததும் "கடைசிக் காலப் படைப்பு" என்று எழுதிவிட்டால் பத்தி முழுக்கத் தடம் மாறிவிடும். அது இருபத்து நான்கு வயதில் முடித்த 'இத்தாலிய' சிம்பொனி!

இசையைக் கேட்டு அடையாளம் காணும் வினாக்களில் 'இத்தாலிய', 'ஸ்காட்டிஷ்' இரண்டையும் குழப்பிக்கொள்வதற்குக் காரணம் சுருதி. 'இத்தாலிய' ஏ மேஜரில் தொடங்கி ஏ மைனரில் முடியும். 'ஸ்காட்டிஷ்' ஏ மைனரில் தொடங்கி ஏ மேஜரில் முடியும். அதனால் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்தே கேட்டுப் பழகுங்கள்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது ஈ மைனர் வயலின் கன்செர்ட்டோவுக்கு (தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது, 1844). இது அமைப்பை வைத்துக் கேள்வி கேட்க வசதியான படைப்பு. வழக்கமான நீண்ட ஆர்கெஸ்ட்ரா முன்னுரை இதில் இல்லை. ஒன்றரை பார் (தாள அளவு) கழிந்ததும் தனி வயலின் நுழைந்துவிடும். தனிக் கலைஞர் மட்டும் திறமை காட்டி வாசிக்கும் கேடென்சா, முதல் பகுதியின் கடைசியில் வராது, முதல் கருப்பொருள் திரும்புவதற்கு முன்பே வந்துவிடும். அதையும் வாசிப்பவர் விருப்பத்துக்கு விடாமல் மெண்டல்சனே எழுதிவைத்தார். மூன்று பகுதிகளும் இடைவெளியின்றி ஓடும். முதல் பகுதி முடிந்தபின் பசூன் என்ற மரக்காற்றுக் கருவி ஒரு பி ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தி, சி-க்கு ஏறி, அடுத்த பகுதிக்கு வழிவிடும். முடிந்தால் ஸ்கோரைக் (இசைக் குறிப்புப் பிரதி) கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் கேளுங்கள்.

ஷேக்ஸ்பியரின் 'நடுவேனிற் கனவு' நாடகத்துக்கான முன்னிசை 1826, பதினேழு வயதில் எழுதியது. புகழ்பெற்ற திருமண அணிவகுப்பு அதில் கிடையாது. அது அதே நாடகத்துக்கு 1842இல் எழுதிய இசையில் இருக்கிறது. முன்னிசையை மரக்காற்றுக் கருவிகளில் தொடங்கும் நான்கு நீண்ட கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

மெண்டல்சனின் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் பணியைக் கடைசி வரியில் ஒட்டுவது பெரிய தவறு. அவர் காலத்து இசையுலகை மாற்றியதில் அதற்குப் படைப்புகளுக்குச் சமமான பங்கு உண்டு. 1829இல் பெர்லினில் பாக்கின் மத்தேயு பாஷன் என்ற பாடல் படைப்பை நடத்தினார். இதை "முழுமையாக அரங்கேற்றினார்" என்று எழுதாதீர்கள், பல இடங்களைச் சுருக்கித்தான் நடத்தினார். 1835 முதல் லைப்சிக் நகரின் கெவாண்ட்ஹவுஸ் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். அங்கே 1839இல் ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனியையும், 1841இல் ஷூமானின் முதல் சிம்பொனியையும் முதன்முதலில் மேடையேற்றினார். 1843இல் அதே நகரில் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். கட்டுரை வினா வந்தால் இந்த ஆண்டுகளுக்கு நடுவே மேலே சொன்ன படைப்புகளைப் பொருத்தி எழுதுங்கள்.